நீட்டாக அருந்துவதற்கு நல்ல போர்பனைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கோலாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து அருந்தும்போது போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியில் உள்ள குறைகள் அந்தக் கலவையிலேயே மறைந்துவிடும். ஐஸ் போட்டாலோ, குளிர்ச்சி நாக்கை மரத்துப்போகச் செய்து, நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே மங்கவைத்துவிடும். எதையும் கலக்காமல், அறை வெப்பநிலையில், சிறிது சிறிதாக, அதாவது 'நீட்டாக' அருந்தும்போதுதான் ஒரு விஸ்கியின் மணம், இனிப்பு, காரம், துவர்ப்பு, விழுங்கிய பிறகும் தொண்டையில் தங்கும் சுவை ஆகிய அனைத்தும் ஒளிவுமறைவின்றித் தெரியவரும். எனவே கலந்து அருந்துவதற்கு ஏற்ற போர்பன்கள் எல்லாம் நீட்டாக அருந்துவதற்கும் ஏற்றவையாக இருப்பதில்லை.

இந்தத் தேர்வில் மூன்று விஷயங்கள் பலரையும் வழிதவறச் செய்கின்றன: விலை, கிடைப்பதில் உள்ள அருமை, புட்டியின் அழகு. இவை மூன்றுமே உள்ளே இருக்கும் திரவத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கின்றன. அதே புட்டியின் லேபிளில், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அச்சிடப்பட்ட சில சிறிய சொற்களும் எண்களும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர், மூடியைத் திறப்பதற்கு முன்பே அதன் குணத்தைப் பெருமளவு ஊகித்துவிடலாம். எஞ்சியதை அவரவர் நாக்குதான் முடிவு செய்ய வேண்டும்.

லேபிளில் சட்டம் பேசும் இடங்கள்

ஒரு விஸ்கியைப் போர்பன் என்று அழைப்பதற்கு அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் தெளிவான நிபந்தனைகளை வைத்திருக்கின்றன. அது அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடிக்கும்போது 80 சதவீத ஆல்கஹாலுக்கு மேல் போகக் கூடாது. உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் பீப்பாயில், 62.5 சதவீதத்துக்கு மிகாத செறிவில் நிரப்பப்பட வேண்டும்; புட்டியில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நிறமூட்டியோ சுவையூட்டியோ சேர்ப்பதற்கு இடமில்லை. கென்டக்கி மாநிலத்தில்தான் தயாரிக்க வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் விதி அவ்வாறு சொல்லவில்லை. போர்பனின் பெரும்பகுதி அங்கே உருவாகிறது என்பது மட்டும் உண்மை.

இந்த விதிகளில் நீட்டாக அருந்துபவருக்கு மிக முக்கியமானது புதிய பீப்பாய் பற்றிய விதி. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மீண்டும் போர்பனை நிரப்ப முடியாது. ஓக் மரத்தின் உட்புறத்தை நெருப்பால் கருக்கும்போது, கரி அடுக்குக்குப் பின்னால் உள்ள மரத்தின் சர்க்கரைகள் பாகாகின்றன. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து வனிலாவின் மணத்தைத் தரும் வனிலின் உருவாகிறது. கென்டக்கியின் கோடையில் திரவம் விரிந்து மரத்துக்குள் புகுகிறது, குளிர்காலத்தில் சுருங்கி வெளியேறுகிறது. ஆண்டுதோறும் நிகழும் இந்தப் போக்குவரத்தே நிறத்தையும் வனிலா, கேரமல், கிராம்பு, பட்டை போன்ற மணங்களையும் தருகிறது. போர்பனின் இனிப்புத் தோற்றத்துக்குக் காரணம் மக்காச்சோளம் மட்டுமே என்று நினைப்பவர்கள், பீப்பாய்க்குச் சேர வேண்டிய பங்கைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டிய சொல் 'ஸ்ட்ரெய்ட்'. வெறும் 'போர்பன்' என்று மட்டும் இருந்தால், பீப்பாயில் எவ்வளவு காலம் இருந்தது என்பதற்குக் குறைந்தபட்ச வரம்பே கிடையாது. 'ஸ்ட்ரெய்ட் போர்பன்' என்றால் குறைந்தது 2 ஆண்டுகள். நான்கு ஆண்டுகளுக்குக் குறைவான வயதுடையதாக இருந்தால், அந்த வயதை லேபிளில் குறிப்பிட்டாக வேண்டும். ஆகவே வயதே குறிப்பிடப்படாத ஸ்ட்ரெய்ட் போர்பனைப் பார்த்தால், அதில் உள்ள எதுவும் 4 ஆண்டுகளுக்குக் குறைந்ததல்ல என்று எடுத்துக்கொள்ளலாம். வயது குறிப்பிடப்பட்டிருந்தால், அது கலவையில் உள்ள மிக இளைய விஸ்கியின் வயது, சராசரி அல்ல.

தொடக்க நிலையில் இருப்பவருக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் சொற்றொடர் 'பாட்டில்டு இன் பாண்ட்'. புகையிலைச் சாறும் ரசாயனங்களும் கலந்த போலி விஸ்கிகள் பெருகியிருந்த காலத்தில், 1897-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்திலிருந்து வந்தது இது. ஒரே வடிசாலையில், ஓர் ஆண்டின் ஒரே அரையாண்டுப் பருவத்தில் வடிக்கப்பட்டு, கூட்டாட்சி அரசின் கண்காணிப்புக்கு உட்பட்ட கிடங்கில் குறைந்தது 4 ஆண்டுகள் முதிர்ந்து, சரியாக 50 சதவீத ஆல்கஹாலில் புட்டியில் அடைக்கப்பட்டதற்கே இந்தப் பெயர் கிடைக்கும். எங்கே வடிக்கப்பட்டது என்பதையும் லேபிள் சொல்லியாக வேண்டும். இத்தனை உறுதிகளும் இருந்தும், ஹெவன் ஹில் நிறுவனத்தின் வெள்ளை லேபிள் ஒட்டிய எவன் வில்லியம்ஸ் பாட்டில்டு இன் பாண்ட் அமெரிக்கக் கடைகளில் ஏறத்தாழ 20 டாலருக்கே கிடைக்கிறது. முதல் புட்டியாக வாங்க இதைவிடச் சிக்கனமான, நேர்மையான தேர்வு அரிது.

சட்டப்படியான பொருள் ஏதும் இல்லாமல் லேபிளில் இடம்பிடிக்கும் சொற்களும் உண்டு. 'ஸ்மால் பேட்ச்' என்பதற்குக் கூட்டாட்சி விதிகளில் வரையறை இல்லை. பத்துப் பீப்பாய்களைச் சேர்த்தாலும் பல நூறு பீப்பாய்களைச் சேர்த்தாலும் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். 'ஹேண்ட் கிராஃப்டட்', 'ரிசர்வ்' போன்றவையும் அப்படியே. நல்ல விஸ்கிகள் பலவற்றிலும் இச்சொற்கள் இருக்கின்றன என்பதால் இவற்றைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் இவற்றுக்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதும் இல்லை. மாறாக, 'பிளெண்டட் போர்பன்' என்று இருந்தால் கவனம் தேவை: அதில் 51 சதவீதம் மட்டுமே ஸ்ட்ரெய்ட் போர்பனாக இருந்தால் போதும், எஞ்சியது சுவையற்ற ஆல்கஹாலாகவும் இருக்கலாம். தேன், செர்ரி முதலிய சுவையூட்டப்பட்டவை வேறு வகையைச் சேர்ந்தவை. நாம் பேசும் தேர்வில் அவற்றுக்கு இடமில்லை.

செறிவு: எல்லாவற்றையும்விட முதலில் பார்க்க வேண்டிய எண்

அமெரிக்க லேபிள்களில் செறிவு 'ப்ரூஃப்' என்ற அளவிலும் குறிக்கப்படும். ஆல்கஹால் சதவீதத்தின் இரு மடங்கு அது. 90 ப்ரூஃப் என்றால் 45 சதவீதம். நீட்டாக அருந்துபவருக்கு, தானியத்தையும் வயதையும்விட இந்த எண்ணே முதல் அனுபவத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சட்டம் அனுமதிக்கும் அடிமட்டமான 80 ப்ரூஃபில் அடைக்கப்பட்ட போர்பன்கள் தொண்டையில் எளிதாக இறங்கும். அதனாலேயே புதியவர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். ஆனால் அவற்றில் பலவும் நாவில் பட்டதும் மெல்லிய இனிப்பைக் காட்டிவிட்டு, விழுங்கியவுடன் தடமின்றி மறைந்துவிடும். பீப்பாயிலிருந்து வரும் மணப்பொருள்களில் பல நீரைவிட ஆல்கஹாலில் நன்றாகக் கரைபவை; நீர் கூடக்கூட, அவற்றின் அடர்த்தியும் வாயில் உணரப்படும் கனமும் குறைகின்றன. மறுபுறம், பீப்பாயிலிருந்து எடுத்தபடியே, நீர் சேர்க்காமல் அடைக்கப்படும் 'பேரல் ப்ரூஃப்' வகைகள் 120 ப்ரூஃபைத் தாண்டுவது சாதாரணம். பழகாத நாக்கில் அவை வெறும் எரிச்சலாகவே பதிவாகும். எரிச்சலுக்குப் பின்னால் இருக்கும் செழுமையை உணர்வதற்குள் வாய் ஓய்ந்துவிடும்.

ஆகவே தொடங்குபவர் 90 முதல் 100 ப்ரூஃப் வரையிலான இடைவெளியில் தேடுவதே நலம். மேக்கர்ஸ் மார்க், ஈகிள் ரேர், பஃபலோ டிரேஸ் ஆகியவை 90 ப்ரூஃப். உட்ஃபோர்ட் ரிசர்வ் 90.4, எலைஜா கிரெய்க் ஸ்மால் பேட்ச் 94, நாப் கிரீக், ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல் ஆகியவை 100. வைல்ட் டர்க்கி 101 தன் பெயரிலேயே தன் ப்ரூஃபைச் சொல்லிவிடுகிறது. இந்த எல்லைக்குள் சில மாதங்கள் பழகிய பிறகு 110-க்கு மேல் போனால், முன்பு எரிச்சலாகத் தோன்றிய அதே விஸ்கியில் அடுக்கடுக்காகச் சுவைகள் பிரிவதை உணரலாம்.

இதோடு தொடர்புடைய, லேபிளில் பெரும்பாலும் இடம்பெறாத ஓர் எண்ணும் உண்டு: பீப்பாயில் நிரப்பும்போது இருந்த செறிவு. 1962 வரை அதன் உச்ச வரம்பு 110 ப்ரூஃபாக இருந்தது. பிறகு 125-ஆக உயர்த்தப்பட்டது. அதிகச் செறிவில் நிரப்பினால் குறைந்த பீப்பாய்களே போதும், செலவு மிச்சமாகும். ஆனால் அடைக்கும் நேரத்தில் கூடுதல் நீர் சேர்க்க வேண்டிவரும். மேக்கர்ஸ் மார்க் இன்றும் 110-லும், வைல்ட் டர்க்கி 115-லும், மிக்டர்ஸ் 103-லும் நிரப்புகின்றன. செலவைப் பொருட்படுத்தாமல் எடுக்கப்படும் இம்முடிவு வாயில் நிறைந்து நிற்கும் தன்மையாகத் திரும்பக் கிடைக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது தானியம்

மக்காச்சோளம் எல்லாப் போர்பனிலும் முதலிடம் பெறுகிறது. முளைகட்டிய பார்லி சிறிதளவு சேர்க்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் தானியம் எது என்பதே ஒரு போர்பனின் குணத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறது. பெரும்பாலானவற்றில் அது கோதுமையை ஒத்த ரை என்ற தானியம். சிலவற்றில் கோதுமை.

ரை மிளகு, பட்டை, புதினா ஆகியவற்றை நினைவூட்டும் காரத்தைத் தரும். எவன் வில்லியம்ஸ், எலைஜா கிரெய்க் ஆகியவற்றை வடிக்கும் ஹெவன் ஹில்லின் வழக்கமான கலவையில் 78 சதவீதம் மக்காச்சோளமும் 10 சதவீதம் ரையும் இருக்கின்றன. இனிப்பு முன்னால் நிற்க, காரம் பின்னால் மெல்ல எட்டிப்பார்க்கும். கென்டக்கியின் லாரன்ஸ்பர்க் ஊரிலுள்ள ஃபோர் ரோசஸ் வடிசாலை 20 சதவீதம் ரை உள்ள ஒரு கலவையையும் 35 சதவீதம் ரை உள்ள மற்றொரு கலவையையும் ஐந்து வகை ஈஸ்ட்களோடு இணைத்துப் பத்து வகை போர்பன்களை உருவாக்குகிறது. அதன் சிங்கிள் பேரல் இந்த 35 சதவீத வகையைச் சேர்ந்தது. அதில் பழவாசனையும் காரமும் கைகோத்து வருவதை முதல் வாயிலேயே உணரலாம்.

கோதுமை தனக்கென்று உரத்த சுவை எதையும் கொண்டுவருவதில்லை. அது ரையின் காரத்தை விலக்கி, மக்காச்சோளத்தின் இனிப்புக்கும் பீப்பாயின் வனிலாவுக்கும் இடம்விடுகிறது. லொரெட்டோவில் பில் சாமுவேல்ஸ் சீனியர் 1950-களில் தொடங்கிய மேக்கர்ஸ் மார்க், 70 சதவீதம் மக்காச்சோளம், 16 சதவீதம் கோதுமை, 14 சதவீதம் பார்லி என்ற கலவையால் ஆனது. காரத்தை விரும்பாதவர்களுக்கும், விஸ்கி என்றாலே தொண்டை எரியும் என்று அஞ்சுபவர்களுக்கும் இந்த வகையே முதல் வாசலாக அமையும். ஆனால் ஒரு எச்சரிக்கை: மென்மையே தரம் என்ற எண்ணம் இந்த வகையிலிருந்துதான் பிறக்கிறது. நீட்டாக அருந்தும்போது சற்றுக் காரமும் துவர்ப்பும் இல்லாத போர்பன், மூன்றாவது வாய்க்குள் சலித்துவிடவும் கூடும்.

எது உங்களுக்கு ஏற்றது என்பதை ஒரு புட்டியைத் தனியாக அருந்திக் கண்டுபிடிப்பது கடினம். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒரே மாலையில் தெரிந்துவிடும். ஒரு நல்ல பாரில் கோதுமை வகை ஒன்று, குறைந்த ரை வகை ஒன்று, அதிக ரை வகை ஒன்று என மூன்றிலும் அரை அவுன்ஸ் வீதம் கேட்டு வாங்கலாம். பெயர்களை மறைத்து, எது எந்தக் கோப்பையில் இருக்கிறது என்பதை வேறொருவர் மட்டும் அறிந்திருக்கும்படி செய்தால் இன்னும் நல்லது. லேபிளைப் பார்க்காத நாக்கு பொய் சொல்வதில்லை. மூன்றில் எந்தக் கோப்பை முதலில் காலியாகிறது என்பதைக் கவனித்தாலே போதும்.

வயது எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

ஸ்காட்லாந்து விஸ்கியில் 18, 21, 25 என்று எண் ஏற ஏற மதிப்பும் ஏறுவதைப் பார்த்துப் பழகியவர்கள், அதே கணக்கைப் போர்பனுக்கும் போடுகிறார்கள். அது பொருந்தாது. அங்கே பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாய்களில், குளிர்ந்த ஈரமான காற்றில் விஸ்கி மெதுவாக முதிர்கிறது. கென்டக்கியிலோ புதிய, கருக்கிய பீப்பாயும் கடுமையான கோடையும் சேர்ந்து வேலையை விரைவுபடுத்துகின்றன. பல மாடிகள் கொண்ட கிடங்குகளின் மேல்தளங்களில் வெப்பம் மிகுதி. அங்கே ஆல்கஹாலைவிட நீர் வேகமாக ஆவியாவதால், ஆண்டுகள் செல்லச் செல்ல ப்ரூஃப் ஏறிக்கொண்டே போவதும் உண்டு. கீழ்த்தளத்தில் அதே விஸ்கி நிதானமாக முதிரும். ஒரே நாளில் நிரப்பிய இரண்டு பீப்பாய்கள், வைக்கப்பட்ட இடத்தால் மட்டுமே வேறு வேறு விஸ்கிகளாக மாறிவிடுகின்றன.

நான்கு ஆண்டுகளுக்குள் எடுக்கப்பட்ட போர்பனில் பச்சைத் தானியத்தின் வாடையும் கூர்மையான எரிச்சலும் எஞ்சியிருக்கும். கலந்து அருந்த அது போதும், நீட்டாக அருந்தப் போதாது. ஆறு முதல் பத்து ஆண்டுகள் வரையிலான காலத்தில் இனிப்பும் மரமும் தானியமும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்கின்றன. ஒன்பது ஆண்டு நாப் கிரீக்கும் பத்து ஆண்டு ஈகிள் ரேரும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். பன்னிரண்டைத் தாண்டும்போது கவனம் தேவை. பதினைந்துக்கு மேல், நன்கு தெரிந்தெடுத்த பீப்பாய்களாக இல்லாவிட்டால், மரத்தின் துவர்ப்பு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பழைய மரப்பெட்டியின் உட்புறத்தை நக்கியது போன்ற உலர்ந்த கசப்பு நாவின் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும். அத்தகைய புட்டிக்குப் பல நூறு டாலர் கொடுத்தவர்கள் அதைக் குறைசொல்லத் தயங்குவதால், வயது முதிர்ந்த போர்பனின் புகழ் அதன் தகுதியைத் தாண்டி வளர்ந்திருக்கிறது.

வடித்தவர் யார்

புட்டியைத் திருப்பி, பின்புற லேபிளின் அடியில் உள்ள மிகச் சிறிய எழுத்துகளைப் பாருங்கள். 'டிஸ்டில்டு பை' என்று தொடங்கினால், பெயர் போட்டவரே வடித்தவர். 'பாட்டில்டு பை', 'புரொட்யூஸ்டு பை' என்று மட்டும் இருந்தால், வேறு எங்கோ வடித்ததை வாங்கி அடைத்திருக்கலாம். முகவரியில் உள்ள மாநிலமும் வடித்த மாநிலமும் வேறாக இருந்தால், வடித்த மாநிலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. 'டிஸ்டில்டு இன் இண்டியானா' என்ற வரி பல புதிய பிராண்டுகளின் பின்புறத்தில் இதனாலேயே தென்படுகிறது. அது பெரும்பாலும் இண்டியானாவிலும் லாரன்ஸ்பர்க் என்றே பெயர் கொண்ட ஊரிலுள்ள, எம்.ஜி.பி. என்று அறியப்பட்ட மிகப் பெரிய வடிசாலையைச் சுட்டும். அங்கே வடிக்கப்படும் விஸ்கி தரமானது. அதை வாங்குவதில் தவறே இல்லை. தாத்தாவின் ரகசியக் குறிப்பு, மலையடிவாரத்துச் சிறு வடிகலம் என்றெல்லாம் முன்புறத்தில் கதை சொல்லிவிட்டு, இந்த வரியைப் பின்புறத்தில் ஒளித்துவைக்கும் புட்டிக்குக் கூடுதல் விலை தருவதுதான் தவறு.

'சிங்கிள் பேரல்' என்றால் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்து அடைத்தது. பஃபலோ டிரேஸ் இன்று அமைந்துள்ள, கென்டக்கியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர வடிசாலையில் எல்மர் டி. லீ 1984-இல் பிளான்டன்ஸ் மூலம் இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பிளான்டன்ஸ் லேபிளில் பீப்பாயைத் திறந்த தேதி, பீப்பாய் எண், கிடங்கு ஆகியவை குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இந்த வகையின் இன்பமும் ஆபத்தும் ஒன்றே: அடுத்த புட்டி இதே போல இருக்காது. மாறாத சுவையை எதிர்பார்ப்பவர்கள் பல பீப்பாய்களைச் சேர்த்துச் சமன்செய்த வகைகளையே நாடுவது நல்லது. பேரல் ப்ரூஃப் வகைகளிலும் தொகுதிக்குத் தொகுதி மாறுதல் உண்டு. எலைஜா கிரெய்க் பேரல் ப்ரூஃப் புட்டியில் 'சி923' என்று இருந்தால், எழுத்து அந்த ஆண்டின் மூன்றாவது வெளியீட்டையும், 9 செப்டம்பர் மாதத்தையும், 23 ஆண்டையும் குறிக்கும். பிடித்துப்போன தொகுதியின் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், அடுத்த முறை கடையில் அதையே தேடலாம்.

அருமையும் விலையும்

பாப்பி வான் விங்கிள் இன்று பஃபலோ டிரேஸில் வடிக்கப்படும் கோதுமை வகைப் போர்பன். தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை சில நூறு டாலர். மறுவிற்பனையில் அது ஆயிரங்களைத் தொடுகிறது. அதற்கு நெருங்கிய உறவு என்று கருதப்படுவதாலேயே வெல்லர் என்ற பிராண்டின் வகைகளும் அலமாரியிலிருந்து மறைந்துவிட்டன. பென்சில்வேனியா, வர்ஜீனியா போன்ற, மாநில அரசே மதுக்கடைகளை நடத்தும் இடங்களில் இத்தகைய புட்டிகளுக்குக் குலுக்கல் நடக்கிறது. குலுக்கலில் விழுந்து, பரிந்துரைத்த விலைக்கே கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்கலாம். பிளான்டன்ஸ் ஒன்றைப் பரிந்துரைத்த விலையின் இரு மடங்குக்கு விற்கும் கடையில், அதே பணத்துக்கு நல்ல புட்டிகள் மூன்று கிடைக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கோதுமை வகை வேண்டுமென்றால் மேக்கர்ஸ் மார்க்கும் லார்செனியும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றன.

நீட்டாக அருந்துவதற்கான போர்பனில், 20 டாலருக்கும் 50 டாலருக்கும் இடையே விலைக்கேற்பத் தரம் உயர்வதை உணர முடிகிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி தேவைக்கும் அளிப்புக்கும் உள்ள இடைவெளிக்கே போகிறது. வைல்ட் டர்க்கி வடிசாலையில் 1954-இல் பணியில் சேர்ந்த ஜிம்மி ரஸ்ஸலின் கைவண்ணத்தைத் தாங்கிய 101, 30 டாலருக்குள்ளேயே கிடைப்பதைப் பார்க்கும்போது, தரத்துக்குப் பணம் மட்டும் காரணமல்ல என்பது விளங்கும்.

கோப்பையில் சோதித்தல்

வாங்கிய பிறகும் தேர்வு முடிந்துவிடுவதில்லை. ஒரு போர்பனுக்கு உரிய வாய்ப்பை அளித்துச் சோதித்தால்தான் அடுத்த புட்டியைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். அடி அகன்று வாய் குறுகிய சிறு கோப்பை வேண்டும். கிளென்கேர்ன் என்ற வடிவம் எளிதில் கிடைக்கும். ஒரு அவுன்ஸ் அளவு ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். ஊற்றிய உடனே மேலெழும் ஆல்கஹால் ஆவி அடங்கிய பிறகே அடியில் உள்ள மணங்கள் வெளிப்படும். கோப்பையை முதலில் முகவாய்க்கு அருகே பிடித்து, மெல்ல மேலே கொண்டுவந்து, உதடுகளைச் சற்றுத் திறந்தபடி முகர வேண்டும். ஒயினைப் போல வேகமாகச் சுழற்றி மூக்கை உள்ளே நுழைத்தால், ஆல்கஹால் மூக்கைச் சுட்டு அடுத்த சில நிமிடங்களுக்கு எதையும் உணரவிடாமல் செய்துவிடும்.

முதல் வாயை வைத்து எந்தப் போர்பனையும் மதிப்பிடாதீர்கள். அது வாயைப் பழக்குவதற்கு மட்டுமே; சில துளிகள் போதும். இரண்டாவது வாயை விழுங்காமல் சில நொடிகள் வைத்திருந்து, மெல்லுவது போல வாய் முழுதும் பரவச் செய்யுங்கள். ஜிம் பீம் குடும்பத்தின் புக்கர் நோ இதைக் 'கென்டக்கி மெல்லல்' என்ற பெயரோடு பரப்பினார். இப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். முகர்ந்தபோது கிடைத்த மணத்துக்கும் வாயில் கிடைத்த சுவைக்கும் தொடர்பு இருக்கிறதா? நாவின் நடுவே கனம் தெரிகிறதா, அல்லது நீர்த்துப்போய் இருக்கிறதா? விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, அப்படி நிற்பது இனிப்பா கசப்பா? நெஞ்சில் பரவும் இளஞ்சூடு நல்ல அறிகுறி. தொண்டையில் குத்தி நிற்கும் எரிச்சல் இளமையின் அல்லது அவசரத்தின் அறிகுறி.

எரிச்சல் மிகுதியாக இருந்தால், சொட்டு சொட்டாக நீர் சேர்த்துப் பார்க்கலாம். நீட்டாக அருந்துவதன் தூய்மை கெட்டுவிடும் என்று சிலர் இதை மறுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வடிசாலைகளே விஸ்கியை மதிப்பிடும்போது நீர் சேர்த்துப் பார்க்கின்றன. 120 ப்ரூஃபுள்ள ஒன்றில் அரைத் தேக்கரண்டி நீர் சேர்த்ததும், மறைந்திருந்த செர்ரியோ ஆரஞ்சுத் தோலோ வெளிப்பட்டால், அந்தப் புட்டியை நீங்கள் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். எத்தனை சொட்டில் அது திறக்கிறது என்பதிலிருந்தே உங்கள் நாவுக்குப் பொருத்தமான ப்ரூஃப் எது என்பதையும் கண்டுகொள்ளலாம். அளவில் ஒரு கணக்கையும் மனத்தில் வைக்க வேண்டும்: அமெரிக்காவில் ஒரு வழக்கமான அளவு என்பது 80 ப்ரூஃபில் ஒன்றரை அவுன்ஸ், 120 ப்ரூஃபில் அதே ஆல்கஹால் ஒரே அவுன்ஸில் வந்துவிடும்.

திறந்த புட்டியை ஒரே நாளில் தீர்ப்பிட்டு ஒதுக்கிவிடவும் வேண்டாம். கழுத்துவரை நிறைந்த புட்டியின் முதல் ஊற்றல் இறுக்கமாக இருப்பதும், இரண்டு மூன்று வாரங்களில் காற்றுப்பட்டு இளகுவதும் அடிக்கடி காணும் மாற்றம். மனத்துக்குப் பிடிக்காத ஒன்றை ஒரு மாதம் கழித்து மீண்டும் சுவைத்துப் பார்த்த பிறகே கைவிடுங்கள். புட்டியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே வைக்க வேண்டும். ஆல்கஹால் தொடர்ந்து பட்டால் தக்கை சிதையும். வெயிலும் வெப்பமும் படாத அலமாரியில் வைத்தால், மூடிய புட்டி பல ஆண்டுகளுக்கு மாறாமல் இருக்கும். கண்ணாடிக்குள் விஸ்கி முதிர்வதில்லை என்பதால், வைத்திருந்து நல்லதாக்கிவிடலாம் என்று எண்ணி வாங்கிக் குவிக்க வேண்டியதும் இல்லை. கால்வாசிக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே காற்று மிகுந்து சுவை தட்டையாகத் தொடங்கும்; அப்போது எஞ்சியதைச் சிறிய கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி இறுக மூடிவிடுங்கள், அல்லது சில மாதங்களுக்குள் அருந்தி முடித்துவிடுங்கள்.